தலைக்கு மேல் சாமை

"வூடு ஒத்துக்கல சிஸ்டர்" என்று நான் சொன்னதும் ஜோஹரா சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். வாணியம்பாடியிலிருந்து எங்கள் மலை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த நர்ஸ். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சரியாத்தான் சொல்றீங்க. வூட்ல எது ஒத்துக்கலன்னு கண்டுபுடிங்க. மருந்து, மூச்சுக்கு இழுக்கற பம்பு நான் குடுப்பேன். அது உங்க சம்சாரத்துக்கு எப்பவும் வேணும். ஆனா உங்க வூட்டுக்குள்ள வந்து நான் தேட முடியாதில்ல."

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. வீடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை, இல்லை புருஷன் ஒத்துக்கொள்ளவில்லை, நாசூக்காகச் சொல்கிறார்கள் என்று பொருள். எனக்கும் கலைவாணிக்கும் தை மாதம் கல்யாணம். பத்தாம் நாளே அவளுக்கு இழுப்பு தொடங்கிவிட்டது. சின்ன வயதில் இருந்ததாம், பிறகு விட்டுப்போனதாம். பகலில் ஒன்றுமில்லை; என்னோடு சரிக்குச் சரி நின்று புளி பொறுக்குவாள். இரவு படுத்தால் போதும், நெஞ்சுக்குள் யாரோ சீழ்க்கை அடிப்பார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவைப்பாள். தலை எண்ணெய் பட்டு அந்தச் சுவரில் ஒரு தட்டு அளவுக்குக் கறை படிந்துவிட்டது. சிரித்தால் பாதியிலேயே இருமலாகிவிடுகிறது என்று சிரிப்பதையே விட்டுவிட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் கல்யாணத்துக்குத் தலையாட்டியவன்.

தாய்வீட்டுக்குப் போனால் மூன்றாம் நாள் சரியாகிவிடுவாள். இங்கே வந்தால் மறுபடியும் இழுப்பு. ஊர் வாய் சும்மா இருக்குமா? கடைசியில் அவள் அண்ணன் ராஜ்குமார் போன் செய்தார்.

"ஞாயித்துக்கெழம வந்து கூட்டினு போறேன் மாப்ள. ஒடம்பு தேறட்டும். அப்புறம் பாக்கலாம்."

அந்த 'அப்புறம் பாக்கலாம்' எனக்குப் புரியாமல் இல்லை. அதைக் கேட்ட இரண்டு பேர் எங்கள் ஊரில் வருஷக்கணக்காக இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிறுக்கு ஐந்து நாள் இருந்தது. ஒவ்வொன்றாக நிறுத்தி வாரக்கணக்கில் பாருங்கள் என்றார் சிஸ்டர். எனக்கு ஏது வாரம்? முதலில் கொசுவத்தியை நிறுத்தினேன். கொசுவிடம் கடி வாங்கியதுதான் மிச்சம். உள்ளே கட்டும் ஆட்டுக்குட்டிகளைக் கொட்டகைக்கு விரட்டினேன். அடுப்பைத் தூக்கி வாசலில் வைத்தேன். "இன்னாடா வெற்றி, வூட்டையே காலி பண்றியா?" என்றாள் அம்மா. கலைவாணிதான் களைத்த குரலில் சொன்னாள்: "எங்கம்மா வூட்லயும் ஆடும் கீது, அடுப்பும் கீது. கொசுவத்தி கூட இதேதாங்க."

அப்படியானால் அங்கே இல்லாத எது இங்கே இருக்கிறது? வியாழக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு மலை தள்ளியிருக்கும் மாமியார் வீட்டுக்குப் போனேன். கலைவாணி படுக்கும் இடத்தைக் கேட்டு, அங்கே பாயை விரித்து மல்லாந்து படுத்தேன். மாமியார் பயந்துபோய்ச் சொம்பில் தண்ணீரோடு நின்றார். எனக்கு மேலே வெள்ளையடித்த கான்கிரீட். மின்விசிறி மாட்டாத ஒரு கொக்கி. வேறு ஒன்றுமே இல்லை.

திரும்பி வந்து, நல்ல மத்தியானத்தில், எங்கள் அறையில் அவள் இடத்தில் அதேபோல் படுத்தேன். நேர் மேலே பரண். பரணில் இரண்டு கோணி விதைச் சாமை. உடைந்த ஓட்டின் வழியே வெயில் கோடாக விழுந்துகொண்டிருந்தது. மேலே எலி ஒன்று ஓடியது. அந்த வெயில் கோடு முழுக்க உமித்தூசி மினுமினுத்து இறங்கி என் மூக்கில் ஏறியது. நான்கு தும்மல் போட்டேன்.

எங்கள் குடும்பத்தில் விதைச் சாமை வீட்டை ஆளும் பெண்ணின் தலைக்கு மேலேதான் இருக்க வேண்டும். தை வரை அது அம்மா படுக்கும் அறைப் பரணில் இருந்தது. கல்யாணமான மூன்றாம் நாள் அம்மாவே சுமந்து வந்து எங்கள் பரணில் ஏற்றி, கலைவாணியிடம் "இனிமே நீதான்" என்றாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை. அதை இறக்குவது, நீ இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

இறக்கவா வேண்டாமா என்று படுத்திருந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. நினைவு தெரிந்த நாளாக அம்மாவுக்கு ராத்திரி இருமல் உண்டு. அறுவடை முடிந்து மார்கழியில் பிடித்தால் ஆடி விதைப்பில்தான் விடும். பனி இருமல் என்போம். வைகாசியில் என்ன பனி என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இந்த வருஷம் அது தையோடு நின்றுபோனது. மருமகள் வந்த ராசி என்று ரேஷன் கடை வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள் அம்மா.

சாயங்காலம் அவள் சாமை புடைத்துக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். முறம் நின்றது. பிறகு கலைவாணியைப் பார்த்தாள்.

"வெதைய குடுத்தேன்னு நெனச்சினு இருந்தேன். என் இருமல உனுக்கு குடுத்துக்கீறேன்."

"எறக்காதீங்க அத்த. என்ன தள்ளிட்டீங்கன்னு ஊர்ல பேசுவாங்க." அதைச் சொல்வதற்குள் அவளுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூச்சே விட முடியாதவளுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது என்று கத்த வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டினாள்.

"தலைக்கு மேல இருக்கணும்னுதான் எங்க மாமியா சொன்னாங்க. யாரு தலன்னு சொல்லல. ஆட்டுக் கொட்டாயில போடுவோம், ஆடும் பெருகட்டும். கொட்டாய் சாவி இவ இடுப்புல இருக்கட்டும். பேசறவங்க அத பாத்துட்டு பேசட்டும்."

மூக்கில் துணி கட்டிக்கொண்டு நானும் அம்மாவும் கோணிகளை இறக்கி, கொட்டகையில் ஆடுகளின் தலைக்கு மேல் ஏற்றினோம். கலைவாணியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பரணை ஈரத்துணியால் துடைத்து, மறுநாள் பாய் தலையணையைப் பாறையில் காயப்போட்டோம். வியாழன் ராத்திரியும் சீழ்க்கை இருந்தது. வெள்ளி கொஞ்சம் குறைந்தது. சனி ராத்திரி கழிந்து, சேவல் கூவும்போது திரும்பிப் பார்க்கிறேன், சுவரில் சாயாமல் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எழுப்ப மனமில்லாமல் நானே போய்ப் பால் கறந்தேன்.

ராஜ்குமார் சொன்னபடி ஞாயிறு காலையில் வந்தார். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். நம்பிய மாதிரி தெரியவில்லை. "மூணு நாள்ல இன்னா தெரியும்? ஒரு மாசம் அங்க இருக்கட்டும்" என்று வாசலில் கட்டி வைத்திருந்த அவள் துணிப்பையைத் தூக்கினார். கலைவாணி இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அப்போது கொட்டகையில் கிடா ஒன்று தும்மியது. விடாமல் நான்கு தும்மல்.

"பாவம், அதுக்கும் வூடு ஒத்துக்கல போல" என்றாள் அம்மா.

கலைவாணி சிரித்துவிட்டாள். நான், அம்மா, ராஜ்குமார் மூன்று பேருமே இருமலுக்காகக் காத்திருந்தோம். சிரிப்பு பாதியைத் தாண்டியது. கண்ணில் நீர் வர, கதவைப் பிடித்துக்கொண்டு, அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். ராஜ்குமார் பையை மெல்லத் தரையில் வைத்தார்.