கசக்கிற மாத்திரை

மருந்து ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் இங்கிரிட் கடல் தாண்டி வந்து இறங்கியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் வைத்த பால்கோவாவைக்கூட முழுசாகத் தின்னாமல், ராஜபாளையம் மில்லுக்குப் போய் மாத்திரை தின்கிற பெண்களைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நர்ஸ் எலினா காரில் ஏறியதுமே மனசுக்குள் ஜெபம் பண்ண ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். பஞ்சுத் தூசியை இழுத்து இழுத்து மில் பெண்களுக்கு நெஞ்சிளைப்பு. அதற்கு ஒரு புது மாத்திரை. பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று எலினாவுக்கே தெரியாது. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினாள். அவர்களும் தலையை ஆட்டினார்கள். வெறும் மாத்திரை எவளுக்கோ வரும், தனக்கு வராது என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

இவர்கள் போன நேரம் சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸ்கள் திறந்து கிடந்தன. எவள் வீட்டுக் குழம்பு எவள் சோற்றில் என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டரும் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். செல்லத்தாய் ஒரு மூடியில் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக் கொடுக்க, டாக்டருக்கு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். பெண்கள் சிரித்த சிரிப்பில் எலினாவின் பயம்கூடக் கொஞ்சம் இறங்கியது.

சாப்பிட்டு முடித்ததும் செல்லத்தாய் தன் மாத்திரை டப்பாவைத் திறந்து, ஒன்றை எடுத்துப் பக்கத்திலிருந்த மாரிசெல்வியின் கையில் வைத்தாள். மாரிசெல்வி தன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தாள். சுற்றிலும் எல்லோரும், ஊறுகாய் மாற்றிக்கொள்கிற மாதிரி, அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

"யக்கா, என்ன செய்தீய?" என்று கேட்டாள் எலினா.

"கசக்குறதுதான் சிஸ்டர் மருந்து. என்னுது கசக்கும், இவளுது சும்மா மாவு. நேத்து நான் தின்னேன், இன்னைக்கு இவ முறை," என்றாள் செல்லத்தாய், பாராட்டை எதிர்பார்த்து.

போச்சு, எல்லாம் போச்சு. ஒரு வருஷ ஆராய்ச்சி குழம்போடு குழம்பாகக் கலந்துவிட்டது. என்ன செய்கிறார்கள் என்று டாக்டர் எலினாவிடம் இங்கிலீஷில் கேட்டார். சத்து மாத்திரை என்று சொல்லிவிடலாம், தன் வேலை தப்பிக்கும். உண்மையைச் சொன்னால் ஆராய்ச்சி நிற்கும், மாத்திரையும் நிற்கும். போன வருஷம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாமல் மூச்சு வாங்கிய மாரிசெல்வி, இப்போது மில் வேனில் ஊர்க்கதை முழுவதும் பேசிக்கொண்டு வருகிறாள். அவளைப் பார்க்கப் பார்க்க எலினாவுக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனால் பொய் சொன்னால், இரண்டு மாத்திரைக்கும் வித்தியாசமே தெரியாமல், மருந்து வேலை செய்யவில்லை என்றுதான் முடிவு வரும். அப்புறம் அந்த மாத்திரை யாருக்குமே கிடைக்காது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

டாக்டரின் முகம் வெளுத்தது. இப்படிச் செய்தால் மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். எலினா அதைத் தமிழில் சொன்னாள்.

செல்லத்தாய்க்குக் கோபமில்லை. "ஒரே வேன்ல வாரோம், ஒரே தூசியத் திங்கோம். நான் மட்டும் எப்படி மூச்சு விட? அவிய ஊர்ல அவிய அம்மாவுக்கு இளைச்சா மாவு மாத்திரையா குடுப்பாவ? கேளுங்க சிஸ்டர்."

எப்போதும் மொழிபெயர்க்கும்போது வார்த்தையின் முள்ளை எடுத்துவிட்டுத்தான் எலினா கொடுப்பாள். இன்றைக்கு எடுக்கவில்லை.

டாக்டர் கையிலிருந்த குழம்பு மூடியைக் கீழே வைத்தார். "அங்கே வெறும் மாத்திரை கொடுக்க விடமாட்டார்கள். ஏற்கெனவே இருக்கிற பழைய மருந்தையாவது கொடுத்தாக வேண்டும்," என்றார் மெதுவாக.

எலினா அதையும் அப்படியே சொன்னாள்.

"பொறவு இங்க மட்டும் ஏன் விட்டாவ?" என்று கேட்டது மாரிசெல்வி.

இந்தக் கேள்வியைத்தான் தன் ஊருக்குத் திரும்பிப் போய் மேலிடத்தில் கேட்கப் போவதாக டாக்டர் சொன்னார். எல்லோருக்கும் நிஜ மருந்து கொடுப்பார்களா, ஒரேயடியாக நிறுத்திவிடுவார்களா, அது தனக்கே தெரியவில்லை என்றார்.

மாரிசெல்வி உள்ளங்கையில் செல்லத்தாய் கொடுத்த மாத்திரையை வைத்தபடி எலினாவையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதைப் பிடுங்கி டப்பாவில் போடுவதுதான் எலினாவின் வேலை. அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எலினா தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மாரிசெல்வியிடம் நீட்டினாள்.