நான்கு ஆண்டியப்பன்களும் ஒரு சீட்டும்

திருக்கோகர்ணம் சடுகுடு சங்கத்தின் செயலாளர் சேவுகன் காலையில் ஒரு விஷயத்தைக் கேட்டால், மத்தியானச் சோற்றுக்குள் அது குடுமியான்மலை போய்ச் சேர்ந்துவிடும். பஸ்ஸே அவ்வளவு சீக்கிரம் போனதில்லை. முப்பத்தாறாம் வருஷம், மூக்கன் என்ற ஆட்டக்காரனுக்கு மாலைக்கண் இருப்பதாக டாக்டர் சொன்னதை அவர் இரண்டே பேரிடம்தான் சொன்னார். பேசி முடித்திருந்த பெண் வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். மூக்கன் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டான்.

அதனால் மறு வருஷம் சங்கத்துப் பையன்களைச் சோதிக்க வந்த டாக்டர் கண்ணுசாமி, முதலில் சேவுகனைப் பிரகதாம்பாள் சந்நிதிக்கு இழுத்துப்போய், எரிகிற சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். நோய் யாருக்கோ அவன் காதில் மட்டும் சொல்வது. பெற்றவள் கேட்டாலும் வாய் திறப்பதில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு பையன்களையும் பார்த்து முடித்த கையோடு, கோட்டைப்பட்டினத்தில் மகளுக்குப் பிரசவம் என்று டாக்டர் பஸ் ஏறினார். ஜன்னல் வழியாக ஒரு சீட்டை நீட்டினார்.

“அவன்கிட்ட மட்டும் சொல்லிருங்க. திங்கக்கிழமை வந்துர்றேன்.”

புழுதி அடங்கியதும் சேவுகன் படித்தார். ‘ஆண்டியப்பன், வயது 17. இருதயம் பலவீனம். இரண்டு மாதம் மூச்சடக்கி ஆடக் கூடாது. மீறினால் உயிருக்கு ஆபத்து.’

சங்கத்தில் ஆண்டியப்பன் என்று ஒருவனும் இல்லையே என்று அரை நாழிகை நிம்மதியாக இருந்தார். அப்புறந்தான் பெரிய வீட்டு ஞாபகம் வந்தது.

அந்த வீட்டுக் கிழவனார் பெயர் ஆண்டியப்பன். அவருக்கு நாலு மகன்கள். ஒரு பஞ்சத்து வருஷத்தில் நாலு மருமகள்களும் ஒரே மாதத்தில் தலைப்பிள்ளை பெற்றார்கள். மருத்துவச்சி வீட்டுக்குப் போய் வர நேரமில்லாமல் அங்கேயே உலை வைத்துக்கொண்டாள். வழக்கப்படி நாலு பிள்ளைகளுக்கும் தாத்தா பெயர். மாமனார் பெயரை மருமகள்கள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே நெட்டை, குண்டு, செவலை, ஊமையன் என்று கூப்பிட்டு ஊரும் அப்படியே பழகிவிட்டது. ஊமையன் என்பவன் தூக்கத்திலும் பேசுகிறவன். சொந்தப் பெயர் டாக்டர் மாதிரி பெரிய மனிதர்கள் முன்னால்தான் வெளியே வரும். நாலு பேரும் சங்கத்தில் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குடுமியான்மலையாருடன் ஆட்டம். தப்பான ஆண்டியப்பனிடம் சொன்னால் சத்தியம் போச்சு. ஒருவனிடமும் சொல்லாவிட்டால் ஒரு பிள்ளை போச்சு. சேவுகன் அன்றைக்குச் சோற்றில் மோர் என்று நினைத்து விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை, சட்டைக்கு அளவெடுப்பதாகச் சொல்லி நாலு பேர் நெஞ்சிலும் காதை வைத்துப் பார்த்தார். செவலையின் இருதயம் மட்டும் பயங்கரமாக இரைந்தது. ஆள் இவன்தான் என்று தோளைத் தொட்டபோது, பின்னால் இருந்த அரிசி மில்லை நிறுத்தினார்கள். இருதயமும் நின்றது. சேவுகனுடையதும் நின்றிருக்கும், செவலை கொட்டாவி விட்டதால் பிழைத்தார்.

நெட்டையைப் பாடிப் பார்க்கச் சொன்னார். அவன் ஒரே மூச்சில் சடுகுடு பாடிக்கொண்டு குளத்தைச் சுற்றி வருவதற்குள் கரையில் ஒருவர் இரண்டு எருமைகளைக் கறந்து முடித்தார். இவன் இல்லை என்று எழுந்தால், வந்தவன் மூர்ச்சையாகி விழுந்தான். பதறிப்போய்த் தண்ணீர் தெளித்தார்.

“காலையில ஒண்ணுஞ் சாப்பிடல மாமா,” என்றான் நெட்டை.

வேறு வழியில்லாமல் நாலு பேரையும் உட்கார வைத்தார்.

“ஒரே வீட்டுப் பயலுக நாலு பேர் ஆடுனா கண்ணு பட்டுரும். இந்த வாட்டி வேணாம்.”

“போன வாரம் படலயா?” என்றான் ஊமையன்.

“போன வாரம் ஊரு அங்கிட்டுப் பாத்துச்சு.”

சாயங்காலம் ஊமையனின் தாய் செங்கமலம் ஒரு சட்டி பணியாரத்தோடு வந்தாள்.

“எம் மகனுக்கு என்னண்ணே கேடு? அவந் தங்கச்சிய நாளைக்குப் பொண்ணு பாக்க வாராக. சொல்லிருங்க.”

“ஒண்ணுமில்ல தாயி.”

“அப்ப குண்டுக்கா?”

சேவுகன் பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டார். அவள் நாலு பேரையும் மாற்றி மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்க இவர் ஒவ்வொன்றாகத் தின்றார். பதினேழு பணியாரம் உள்ளே போயிற்று. ஒரு சொல் வெளியே வரவில்லை.

அவள் போனதும் பையன்கள் தனித்தனியாகப் புழக்கடை வழியே வந்தார்கள். ஒவ்வொருவனும் தன் நோயை மறைக்கத்தான் சேவுகன் மற்றவர்களையும் நிறுத்தினார் என்று நினைத்துக்கொண்டிருந்தான். செவலை படர்தாமரையைக் காட்டினான். குண்டு, பாயை நனைக்கிற விஷயத்தைச் சுவரைப் பார்த்துச் சொன்னான். நெட்டைக்கு மூலம். ஊமையன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அவன் பேசாததுதான் சேவுகனை அதிகம் பயமுறுத்தியது. ஆனால் பேசாமலிருப்பது இருதய நோயா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு ரகசியத்துக்கு ஆள் தேடப்போய், ஆளோடு மூன்று ரகசியங்கள் கிடைத்தன. தேடியது கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீதி மூன்று பையன்களோடு தொந்தியைக் கட்டிக்கொண்டு சேவுகனே களத்தில் இறங்கினார். எதிரிக்குப் புள்ளி வைத்த புளியங்கொட்டை தீர்ந்து, தெருவில் நாலு வீடு ஏறி வாங்கிவந்தார்கள். ஊரார் அவரைத் திட்டியது மறுநாள் டாக்டர் வந்து இறங்கும்வரை ஓயவில்லை.

“சொல்லிட்டீங்களா?” என்றார் டாக்டர்.

“நாலு பேரு இருக்கான்க டாக்டரய்யா. எவன்னு தெரியல.”

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “பஸ் அவசரத்துல வெறும் பேரை எழுதிட்டேனே. அது அந்த—”

சேவுகன் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். “எங்கிட்ட வேணாம். அவன்கிட்டயே சொல்லுங்க. நாலு பேரையும் ஒத்தை ஒத்தையா கூப்புடுங்க. எல்லாருக்கும் ஒரே நேரம் எடுத்துக்குங்க.”

அப்படியே நடந்தது. சேவுகன் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்தியபடி நின்றார். கடைசியில் ஊமையன் வந்து அவர் கையை விலக்கினான்.

“மாமா, நாங்க நாலு பேருமே ரெண்டு மாசம் ஆட மாட்டோம்.”

“நாலு பேருக்குமாடா?”

“அத நீங்க ஏன் கேக்குறீங்க?”

நாலு பேரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். எப்போதும் ஓடியே போகிறவர்கள், அன்றைக்கு ஒரே வரிசையில் மெதுவாக நடந்தார்கள். யாருக்காக மற்ற மூன்று பேரும் மெதுவாகப் போகிறார்கள் என்று சேவுகன் தெருமுனை வரை பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை.