உட்கார்ந்து பார்க்கிற வேலை

வெங்காய லோடு இன்னும் வரவில்லை. சிறுவாச்சூர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம். ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றன. கொட்டகைப் பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கத்தி தீட்டுவதும் ஊர்க்கதை பேசுவதுமாக இருந்தார்கள். அனுசுயா மட்டும் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஒன்பது மாத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு மரத்தில் சாய்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து தலை விண்விண்ணென்று தெறித்தது.

சின்ன வெங்காயத்தின் வாலையும் வேரையும் அறுத்து, தோல் உரித்து, திருச்சி ஓட்டல்களுக்கு அனுப்புகிற கொட்டகை அது. பிள்ளைத்தாச்சிகளை இங்கே யாரும் வேண்டாமென்று சொல்வதில்லை. பருத்திக்காட்டில் குனிந்து நிமிர முடியாமல் போனதும் எல்லோரும் இங்கேதான் வருவார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று மாமியார் சிந்தாமணியே கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். காலை மடக்கிப் பொழுதன்றைக்கும் உட்கார்ந்தால் இடுப்பு என்ன பாடுபடும் என்று உட்காராதவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

போன தடவை செக்கப்புக்குப் போனபோது நர்சம்மா சொல்லித்தான் அனுப்பினார். "காலு மொகமெல்லாம் வீங்கி, தலவலியோட கண்ணும் மங்குச்சுன்னா வூட்டுல இருக்காதம்மா. ஒடனே வந்துரு. ஒனக்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து."

கொட்டகையில் வந்து இதைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. "அப்படிப் பாத்தா நாம எல்லாருமே ஆஸ்பத்திரியிலதான் கெடக்கணும்" என்றாள் பக்கத்தில் உட்காரும் ஜோதி. அவள் சொன்னதும் பொய்யில்லை. வெங்காயக் காரத்தில் எல்லோருக்கும் கண் எரியும், நீர் வடியும், சாயங்காலம் எதிரே வருகிற ஆளின் முகம் தெரியாது. தலைவலித் தைலம் இல்லாத மடி அங்கே கிடையாது. கால் வீங்காதவளும் கிடையாது. நாலைந்து நாளாக அனுசுயாவுக்குக் கண் மங்கியபோதெல்லாம் ஜோதிதான் தண்ணீர் கொண்டுவந்து முகம் கழுவிவிட்டாள். "வெங்காயந்தான்டி, வேறென்ன" என்று தேற்றினாள்.

அனுசுயாவும் அதை நம்பத்தான் ஆசைப்பட்டாள். போன வருஷம் அவளுடைய முதல் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்று போயிருந்தது. அந்தப் பயம் அவளை விட்டு இறங்கவே இல்லை. படுத்தால் பிள்ளை ஒருமுறையாவது புரளும்வரை தூக்கம் வராது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிற புருஷன் அசோக்கிடம்கூடச் சொல்ல மாட்டாள். வாய்விட்டுச் சொன்னால் அதுவே நடந்துவிடுமோ என்று பயம்.

வண்டி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்து ஊர்ப்பலகையில் எழுத்துகள் கரைந்து தெரிந்தன. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். பலகைக்குக் குறுக்கே வெளிச்சப் பொட்டுகள் மிதந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முந்தானை நனையவில்லை.

நேற்று லோடு இல்லாமல் கொட்டகை பூட்டிக் கிடந்தது. இன்றைக்கும் இதுவரை ஒரு வெங்காயத்தைக்கூட யாரும் தொடவில்லை.

"ஜோதிக்கா, இன்னும் வெங்காயமே உரிக்கலக்கா."

"அதான் வண்டி வரலயேடி."

"எனக்குக் கண்ணு தெரியலக்கா."

ஜோதி கத்தியைக் கீழே வைத்தாள். அனுசுயாவின் கணுக்காலில் விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, விழுந்த குழி மேலே வரவில்லை.

"புள்ள அசையுதாடி?"

"காலையில ஒருவாட்டி தெரிஞ்சுது. அப்புறம் இல்ல. பயமா இருக்குக்கா."

"நான்தான்டி வெங்காயம் வெங்காயம்னு சொல்லி ஒன்ன உக்கார வச்சுட்டேன்" என்றாள் ஜோதி. 108-க்குப் போன் போட்டாள். பக்கத்து ஆம்புலன்ஸ் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, அடுத்த வண்டி இந்தக் கூட்டத்தைத் தாண்டி வர நேரமாகும் என்றார்கள். மேஸ்திரி வீரமுத்துவிடம் பைக் இருந்தது. இந்த நிலையில் இவளை எப்படிப் பைக்கில் உட்காரவைப்பது என்று அவரே கையைப் பிசைந்தார்.

அந்த நேரத்தில்தான் பிரேம் ஓட்டிவந்த லோடு வண்டி சந்துக்குள் திரும்பியது. பின்னால் வெங்காய மூட்டைகள் கூரை உயரத்துக்கு இருந்தன. மேஸ்திரி முதலாளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். முதலாளியின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"தாராளமா கூட்டிட்டுப் போகட்டும். நான் வேணாம்னா சொன்னேன்? மூட்டைய மட்டும் எறக்கிட்டுப் போகச் சொல்லுய்யா. இந்தக் கூட்டத்துல வண்டி மாட்டிக்கிச்சுன்னா உரிக்க நேரமில்லாம இன்னைக்கு சரக்கு திருச்சி போய்ச் சேராது."

"உசுரு போற நேரத்துல மூட்ட முக்கியமாண்ணே" என்றாள் ஜோதி.

"நான் என்னம்மா பண்றது, அவரு வண்டி. பேசிட்டு நிக்கிற நேரத்துல ரெண்டு மூட்ட எறங்கிரும்" என்றார் மேஸ்திரி.

ஜோதி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு வண்டிமேல் ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். பிரேம் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடினான். சரக்கு நசுங்காமல் அடுக்கச் சொல்லி மேஸ்திரி கொட்டகை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அனுசுயா இரண்டு கையையும் வயிற்றில் பதித்துக் காத்திருந்தாள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வயிற்றை லேசாகத் தட்டிப் பார்த்தாள். அப்போதும் தெரியவில்லை. வண்டியில் இன்னும் பாதிக்கு மேல் மூட்டை இருந்தது.

அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மங்கலாகத் தெரிந்த வண்டியை நோக்கி நடந்து, கையால் துழாவி, ஒரு மூட்டையின் காதைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.