சுவரைப் பார்த்த நாற்காலி

நான் தன் தொண்டையைப் பிடித்தபோது பேச்சிச்செல்வி கத்தவில்லை. "கைய எடுங்க, ஜாக்சன்" என்று மட்டும் சொன்னார். எடுத்தேன்.

அவர் மனநல ஆலோசகர். ஆத்தூர்க்காரர். மில்லர்புரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அறை வைத்திருந்தார். என் மனைவி சுஜிதா இறந்தபின் எனக்குத் தூக்கம் போனது. அக்காதான் அங்கே கொண்டுபோய் விட்டாள்.

துறைமுகச் சாலையில் சுஜிதாவின் ஸ்கூட்டி மேல் கண்டெய்னர் டிரெய்லர் ஏறியது. ஓட்டியவன் செந்தூர்பாண்டி. குடித்திருந்தான். ஜாமீனில் வந்து மறுபடியும் ஓட்டினான். நான் வேலை பார்க்கும் ஷிப்பிங் ஆபீசுக்கு எதிரிலேயே வண்டியை நிறுத்தி டீ குடித்தான்.

முதல் நாளே பேச்சிச்செல்வி சொல்லியிருந்தார். "நீங்க பேசுறது இந்த ரூமுக்குள்ளயே இருக்கும். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் வெளிய சொல்லுவேன்."

தலையாட்டினேன். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. சிறுவயதில் புதுநன்மை வாங்கியதிலிருந்து சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். அங்கே பாவத்தைக் கேட்கும் சாமியாரின் முகம் தெரியாது, காதுதான் தெரியும். சொன்னது அவரோடு குழிக்குள் போகும். இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி, சுவரைப் பார்த்தே பேசினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

தொண்டையைப் பிடித்த அன்றும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"இன்னைக்கு அவன முடிச்சிருவேன், மேடம்."

"யார?"

"செந்தூர்பாண்டிய. சாயந்தரம் வீட்லதான் இருப்பான். கத்தி பைக்ல இருக்கு."

சீலா மீன் துண்டு போடுகிற கத்தி. அப்பாவுடையது.

கத்தியைக் கொடுத்துவிடச் சொன்னார். அக்காவைக் கூப்பிடவா என்றார். ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்றேன். போனை எடுத்தார்.

"ஒளிச்சு மறைச்சுச் செய்ய மாட்டேன். உங்க முன்னாலயே ஸ்டேஷனுக்குச் சொல்லுதேன்."

"சாமியார்ட்ட சொன்னா, கழுத்த அறுத்தாலும் அவரு வெளிய விட மாட்டாரு."

"நான் சாமியார் இல்ல, ஜாக்சன்."

அப்போதுதான் தொண்டையைப் பிடித்தேன். விட்டதும் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். நான் பைக்கைக் கிளப்பும்போது அவர் பின்னாலேயே இறங்கி வந்து மருந்துக்கடைக்காரரிடம் கேட்டது காதில் விழுந்தது. "அண்ணாச்சி, ஒங்க போனத் தாங்க. சீக்கிரம்."

செந்தூர்பாண்டியின் வீடு உப்பளத்தைத் தாண்டி. போலீஸ் அவனுக்குப் போன் செய்து எச்சரித்திருந்தது. அவன் ஓடவில்லை. தம்பி பேச்சிராஜாவோடு வாசலில் நின்றான். தம்பி கையில் லாரி ஜாக்கிக் கம்பி.

"வாலே, படிச்சவனே" என்றான் செந்தூர்பாண்டி. "வெட்ட வாரவன் டாக்டரம்மாட்ட லீவு சொல்லிட்டா வாரான்?"

பேச்சிராஜா சிரித்தான்.

கத்தியை ஓங்கி வெட்டினேன். செந்தூர்பாண்டியின் தோளில் இறங்கி எலும்பில் மாட்டியது. இழுத்தேன், வரவில்லை. கம்பி என் வலது முன்கையில் விழுந்தது. முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். அடுத்த அடி தாடையில். விழுந்த பிறகும் அடித்தார்கள். வாயில் பல்லும் உப்பு மண்ணும் கிடந்தன. ஜீப் வந்தபோது செந்தூர்பாண்டி என் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் ரத்தம் என் கண்ணில் சொட்டியது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

இரண்டு பேரும் பிழைத்தோம். இரண்டு பக்கமும் வழக்கு. ஜாமீன் கிடைத்ததும் மில்லர்புரம் போனேன். மருந்துக்கடைக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார்.

"இங்கன பேசுறது அவருக்குக் கேக்காது" என்றார் பேச்சிச்செல்வி. "எனக்குப் பயமா இருக்கு, அதான் உக்காரச் சொன்னேன். இனிமே நான் உங்களப் பாக்குறது சரியா வராது. திருநெல்வேலில வேற ஒருத்தர் இருக்காரு, அவர்ட்ட அனுப்புதேன். இன்னைக்கு மட்டும் பேசலாம்."

"நீங்க சொன்னதாலதான் கை ஒடிஞ்சுது."

"ஆமா."

"சொல்லலன்னா அவன் செத்திருப்பான்."

"ஆமா." நாற்காலியைப் பார்த்தார். "நீங்க நாற்காலியத் திருப்பினப்பவே ஏன்னு கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு. போன் பண்ணது தப்பில்ல."

நாற்காலி இன்னும் சுவரைப் பார்த்தே கிடந்தது. இடது கையால் இழுத்து அவருக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் அந்த நெனப்பு இருக்கா?"

இல்லை என்று சொன்னால் எழுந்து போய்விடலாம். இருக்கிறது என்று சொன்னால் என்ன நடக்கும் என்று இப்போது தெரியும்.

"இருக்கு."

அவர் போனை எடுத்தார். புதுப் போன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணை அழுத்தினார். என் இடது கை மடியிலேயே இருந்தது.