பாதிப் பாதி

என் தம்பி மால்கமுக்கு பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து ஏழு வருடம் ஆனபோது, மெல்போர்னிலிருந்து துயென் என்ற ஆராய்ச்சி டாக்டர் அம்மாள் எங்களுக்குப் பக்கத்து ஊரான ஹார்ஷமுக்கு வந்தார். எங்கள் விம்மெரா வட்டாரத்துக் கோதுமை விவசாயிகளில் யாருக்கு இந்த நோய் வருகிறது, யாரை விட்டுவைக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. நோயாளியோடு நோயில்லாத அண்ணனோ தம்பியோ அக்காவோ ஒருவரும் வரவேண்டும். ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே தட்டில் தின்றவர்களில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராதது எதனால் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். மால்கமுக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவன் நான்தான். பெயர் நெவில். அவனைவிட இரண்டு வயது மூத்தவன். அறுபத்தெட்டு வயதில் இன்னும் ஏணியில் ஏறித் தானியக் கிடங்கின் கூரையைப் பார்த்துவிட்டு வருகிறவன்.

முதலில் மூக்குக்குத்தான் பரீட்சை. ஒரு சின்ன அட்டையைச் சுரண்டி முகர்ந்து, என்ன வாசனை என்று சொல்ல வேண்டும். நான் வாழைப்பழம், பெட்ரோல், சோப்பு, புதினா என்று சொல்லிக்கொண்டே போனேன். மால்கம் ஒவ்வொரு அட்டையையும் மூக்கில் ஒட்டாத குறையாக வைத்துப் பார்த்தான்.

"இது லொரேன் செஞ்ச சூப்பு," என்றான் பெட்ரோல் அட்டையை நீட்டி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி லொரேன் விடவில்லை. "பத்து வருஷமாச்சு டாக்டர், இவரு மூக்கு செத்து. இல்லாட்டி என் சமையல ஒரு குறையும் சொல்லாம சாப்புடுவாரா?"

துயென் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். "மூக்குதாங்க பல பேருக்கு முதல்ல போகும். மூளைக்குள்ள ஒரு சின்ன இடம் இருக்கு. நாம நெனச்சா கை கால் அசையறதுக்கு வேண்டியத செய்யற செல்லுங்க அங்கதான் இருக்கு. அதுல பெரும்பங்கு செத்த பிறகுதான் கை நடுங்க ஆரம்பிக்கும். அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே எங்கேயோ ஆரம்பிச்சிருக்கும். அந்த ஆரம்பத்தத்தான் தேடுறோம்."

பிறகு எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேள்விகள் கேட்டார். மால்கம் முறை வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் அவன் குரல் கேட்டது. நோய் வந்தபின் அவன் குரல் தணிந்துவிட்டது. அன்று டாக்டருக்குக் கேட்க வேண்டுமே என்று இழுத்துக் கத்திப் பேசினான்.

"களைக்கு மருந்து கலக்குறதா? நானும் நெவ்வும் தீக்குச்சி எடுப்போம். குட்டைக் குச்சி வந்தவன் கலக்கணும், நெட்டை வந்தவன் டிராக்டர் ஓட்டலாம். எனக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் கம்மி. இருந்தாலும் பாதிப் பாதின்னு போடுங்க."

என் முறை வந்தது. வருடத்துக்கு எத்தனை நாள், எந்த மருந்து, கையுறை உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "யார் அதிகமா கலக்கினது?" என்றார் துயென்.

"பாதிப் பாதி," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அப்புறம் என் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். நல்ல நரம்பு என்று நர்ஸ் பாராட்டினாள்.

நடந்தது இதுதான். எனக்கு இருபத்திரண்டு வயதானபோது அப்பா புதிதாக ஒரு களைக்கொல்லி வாங்கிவந்தார். முதல் நாள் நான்தான் கலக்கினேன். டிரம்மிலிருந்து ஊற்றும்போது காற்று திரும்பி முகத்தில் அடித்தது. அன்று முழுக்க வாந்தி. இரண்டு நாள் மூக்கில் ரத்தம். அப்பாவிடம் சொன்னேன். "அப்படின்னா தம்பிய கலக்கச் சொல்லு, இல்ல ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பண்ணுங்க," என்றுவிட்டுப் போய்விட்டார். மாற்றி மாற்றி என்றால் எனக்கும் முறை வரும். அதனால்தான் தீக்குச்சி யோசனை. குச்சியைப் பிடித்து நீட்டுகிறவன் எப்போதும் நான். என் விரல்களுக்குள் இருந்த இரண்டுமே குட்டை. எதை எடுத்தாலும் மால்கம் தோற்பான். அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று அஞ்சாறு தடவைக்கு ஒருதரம் இரண்டையும் நெட்டையாக வைத்து ஜெயிக்க விட்டேன்.

ஒன்பது வருடம். எங்களுக்கு இருந்தது ஒரே ஜோடி கையுறை. வலது கையுறையில் கட்டைவிரல் ஓட்டை.

அந்த மருந்து நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். என்ன நோய் வரும் என்று தெரியாது, ஆனால் என்னை வாந்தி எடுக்க வைத்தது தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் அவனிடம் குச்சியை நீட்டினேன்.

ஹார்ஷமிலிருந்து வந்தபின் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. பழைய ஏமாற்று ஒன்று. அதன்மேல் இப்போது புதிதாக ஒன்று. இரண்டு சகோதரர்கள், சரிபாதி மருந்து, ஒருவனுக்கு நோய், ஒருவனுக்கு இல்லை என்று அந்த அம்மாளின் தாளில் இருக்கிறது. அதைப் படிக்கிறவன் மருந்தில் தப்பில்லை என்றுதானே நினைப்பான்? இன்னும் எத்தனை பேர் அந்தத் தாளை நம்புவார்கள்?

இரண்டு வாரம் பொறுத்து துயெனுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நெவில், ஒண்ணு சொல்றேன். இந்த ஒருத்தருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு என்னால மட்டுமில்ல, யாராலயும் சொல்ல முடியாது. மருந்து கலக்கின நிறையப் பேரு நல்லாத்தான் இருக்காங்க. கலக்காத நிறையப் பேருக்கு வந்திருக்கு."

"அதனாலதான் வந்திருக்கலாமில்ல?"

"இருக்கலாம். உங்க தாளை நான் திருத்திடுறேன். ஆனா மால்கம் சொன்னத அவருதான் திருத்தணும். நீங்க சொன்னத நான் அவருகிட்ட சொல்லக்கூடாது. நீங்கதான் சொல்லணும்."

அடுத்த மாதம் மால்கமுக்கு மெல்போர்னில் மூளையைப் படம் எடுக்கும் பரிசோதனை இருந்தது. லொரேனுக்கு முழங்கால் வலி. நான் கூட்டிப்போகிறேன் என்றேன். நான்கு மணி நேரப் பயணம், போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று கணக்கு. ஸ்டாவெல் ஊர் தாண்டியது, நான் மழையைப் பற்றிப் பேசினேன். அராரட் வந்தது, ரொட்டிக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் இரண்டு வாங்கிவந்தேன்.

மால்கமுக்கு அப்போது காலை மாத்திரையின் வேகம் அடங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவன் மரக்கட்டை. கதவைத் திறக்கக் கை எழும்பாது, திறந்தாலும் கால் தரையைவிட்டு வராது. அடுத்த மாத்திரையை அவன் வாயில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இறைச்சி தின்றால் மாத்திரை சரியாக ஏறாது என்பதால் அவன் பங்கு காகிதப் பைக்குள்ளேயே மடியில் கிடந்தது.

அப்போது சொன்னேன். குச்சிகளைப் பற்றி, ஒன்பது வருடத்தைப் பற்றி, துயெனிடம் சொன்ன பொய்யைப் பற்றி. எதிரே இருந்த தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

திரும்பிப் பார்த்தால் அவன் முகத்தில் ஒன்றுமில்லை. இந்த நோய் முகத்தையும் கட்டிப்போட்டுவிடும். கோபமோ அழுகையோ எதுவும் மேலே வராது. கண் சிமிட்டுவதுகூட அபூர்வம். சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவன் மனதை அறிந்துவந்தேன். இப்போது அதில் படிக்க ஒரு எழுத்துகூட இல்லை.

"மாத்திரை ஏறட்டும்," என்றான். "அப்புறம் பேசுறேன்."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இறைச்சிப் பண்டத்தின் கொழுப்பு காகிதத்தில் ஊறி அவன் கால்சட்டையில் வட்டமாகப் படிந்தது. ஒரு தரம் அதை எடுக்கப் போனேன். "விடு," என்றான். நீட்டிய கையை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

மெல்ல அவன் விரல்கள் அசையத் தொடங்கின. தோள் இளகியது. கதவைத் திறந்து இறங்கி, கூரையைப் பிடித்துக்கொண்டு குனிந்து என்னைப் பார்த்தான்.

"எந்த நேரம் பாத்து சொல்லியிருக்கே தெரியுமாடா? என் கால் அசையாத நேரம். எழுந்து போக முடியாத நேரம். இப்பவும் குச்சிய நீதான்டா புடிச்சுக்கிட்டு நிக்கிறே."

நான் அதை நினைத்துச் செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. ஸ்டாவெலில் அவன் நன்றாக இருந்தான். அங்கே ஏன் மழையைப் பற்றிப் பேசினேன்?

அவன் கடைவாசல் மேஜைக்குப் போய் உட்கார்ந்து லொரேனுக்கு போன் செய்தான். அவள் வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை அவன் என் பக்கம் திரும்பவில்லை. நான் வண்டியைவிட்டு இறங்கவுமில்லை, கிளம்பிப் போகவுமில்லை. லொரேன் நொண்டிக்கொண்டே என் ஜன்னலருகே வந்தாள்.

"இப்ப உனக்கு மனசு லேசாயிடுச்சா நெவ்?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் அவனை ஏற்றிக்கொண்டு மெல்போர்னுக்குப் போய்விட்டாள்.

மனசு லேசாகவில்லை.

அந்த வருட அறுவடையில் அவன் என்னோடு பேசவில்லை. அவன் மகன் அறுவடை இயந்திரம் ஓட்டினான். சேதிகள் எல்லாம் அந்தப் பையன் வழியாகத்தான் வரும். கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடவில்லை. மால்கம் அவன் தாளைத் திருத்திவிட்டான் என்று மட்டும் தெரிந்தது, ஏனென்றால் துயென் என்னை மறுபடி அழைத்து ஒன்பது வருடத்தையும் பருவம் பருவமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எங்கள் இருவரின் கணக்கும் ஏறத்தாழ ஒத்துப்போகிறது என்றார்.

மார்ச்சில் மால்கமே போன் செய்தான். "வீட்டுக்கு வா. கண்ணாடி எடுத்துட்டு வா."

போனேன். சமையலறை மேஜையில் இரண்டு கட்டுத் தாள்கள். லொரேன் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"நான் செத்தா என் மூளைய ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்போறேன்," என்றான். "செத்த உடனே ஒருத்தர் போன் பண்ணணும். நேரம் தாழ்த்தினா அவங்களுக்கு உபயோகமில்ல. லொரேனால முடியாது, சொல்லிட்டா. புள்ளைங்கள நான் கேக்கமாட்டேன். நீ பண்ணு."

"நான் உனக்கு மூத்தவன்டா. முன்னாடியே போயிட்டா?"

"நீ போகமாட்டே. உன்னப் பாரு, எருமை மாதிரி இருக்கே." முகம் அசையவில்லை. சிரித்தானா இல்லையா என்று தெரியவில்லை. இரண்டாவது கட்டை என் பக்கம் தள்ளினான். "இது உனக்கு. உன்னதும் வேணுமாம். நோயில்லாத மூளை கெடைக்கிறதுதான் கஷ்டம்னு துயென் சொன்னாங்க. ஒரே அப்பன் ஆத்தாளுக்குப் பொறந்தது ரெண்டு. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கட்டும்."

நான் கண்ணாடியை மாட்டினேன். அவன் தன் தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான். பெயர் எறும்பு வரிசை மாதிரி சின்னதாகத் தொடங்கி, போகப் போக இன்னும் சிறுத்து, கடைசி எழுத்துகள் வெறும் கோடாகப் போயிருந்தன. இறந்ததும் தகவல் தர வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரை லொரேன் எழுதியிருந்தாள்.

"மால், என்னை மன்னிச்சுட்டியா?" என்றேன்.

"அத இங்க கேக்காதே," என்றான். "மூணாம் பக்கத்துலயும் கையெழுத்து இருக்கு, விட்டுடப்போறே."

மூன்றாம் பக்கத்தில் போட்டேன். ஐந்தாம் பக்கத்திலும் போட்டேன். லொரேன் என் முன்னால் ஒரு கோப்பைத் தேநீர் வைத்தாள். சர்க்கரை போட்டிருக்கவில்லை. நான் கேட்கவுமில்லை.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவனை மெல்போர்னுக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். வழியில் கோதுமை விலை பேசுவோம், மழை பேசுவோம். அந்த ஒன்பது வருடத்தை அவன் எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. துயெனின் ஆய்வு இன்னும் முடியவில்லை. முடிந்தாலும் எங்கள் இருவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது என்று அவர் முன்பே சொல்லிவிட்டார். எனக்கு ஒரு பதில் வேண்டும் என்று சில நாள் தோன்றும். வராமலே இருக்கட்டும் என்று சில நாள் தோன்றும். மால்கம் செத்த உடனே கூப்பிட வேண்டிய போன் நம்பர் பெட்டியில் இருக்கிறது. எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது.