மங்கு மறைந்த முகம்

மகள் பிறந்த பிறகு யசோதராவின் இரண்டு கன்னங்களிலும் கருந்திட்டாய் மங்கு படர்ந்தது. பிள்ளைப்பேற்றோடு பலருக்கு வருவதுதான் என்று கிளினிக்கில் மருத்துவமாது சொன்னார். வெயிலில் போகும்போது குடை பிடிக்கச் சொன்னார், கண்டதையும் பூச வேண்டாம் என்றார். யசோதரா தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் அவள் ஊரான சுருவிலில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், "என்ன பிள்ளை, முகம் இப்பிடிக் கறுத்துப்போச்சு?" என்று யாராவது ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் அவளால் குடையை நம்பிக்கொண்டிருக்க முடியவில்லை.

அவளோடு ஒன்றாகப் படித்த ஜெயந்தா வேலணையில் அழகுநிலையம் நடத்தினாள். கைபேசியில் ஓடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வாடிக்கைப் பெண்கள் ஒரே கிறீமைக் கேட்கவே, கொழும்பில் ஒருவரிடம் சொல்லி அதை எடுப்பித்தாள். சிறிய வெள்ளைப் போத்தல். ஒட்டியிருந்த தாளில் ஒரு பெண்ணின் படம் மட்டும் இருந்தது. எங்கே செய்தது, என்ன சேர்த்தது என்று ஒரு சொல்லும் இல்லை.

"நானும் இதைத்தான் பூசுறன். என்ரை முகத்தைப் பாரன்," என்றாள் ஜெயந்தா. அவள் முகம் உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது.

சில வாரங்களில் யசோதராவின் மங்கு போன இடம் தெரியவில்லை. அவள் கணவன் நிலக்ஷன் ஊர்காவற்றுறையில் படகு எஞ்சின் திருத்துகிறவன், அளந்து பேசுகிறவன். அவனே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து, "வடிவாய் இருக்கிறீர்," என்றான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் அடுத்த போத்தலை வாங்கினாள். படுக்கப் போகுமுன் கிறீமைப் பூசிக்கொண்டு மகள் கவிநயாவை அணைத்துக்கொள்வாள். கன்னத்தோடு கன்னம் வைத்தால்தான் பிள்ளை கண்ணயரும்.

கவிநயாவுக்கு இரண்டு வயது கடந்த கையோடு பிள்ளையின் குணம் மாறியது. காரணமில்லாமல் அழுதாள். மழை நாளிலும் வியர்த்துக் கொட்டியது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியத் தொடங்கியது. பூச்சி மருந்து கொடுத்தார்கள், நாவூறு கழித்தார்கள், கோயிலில் நூல் கட்டினார்கள். முற்றமெல்லாம் ஓடித் திரிந்த பிள்ளை, கடைசியில் காலை நிலத்தில் ஊன்றவே மறுத்து, தூக்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்த டொக்டர் ஒரு பெண். கவிநயாவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், பிறகு யசோதராவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் முகத்துக்கு என்ன பூசுறனீங்கள்?"

பிள்ளையின் வருத்தத்துக்கும் தன் முகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யசோதராவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒளிக்காமல் சொன்னாள். நிலக்ஷன் வீட்டுக்குப் போய்ப் போத்தலை எடுத்து வந்தான். பிள்ளையின் சிறுநீரையும் கிறீமையும் சோதிக்க அனுப்பினார்கள். இரண்டிலும் பாதரசம் இருந்தது.

"வெள்ளையாக்கிறதுக்கெண்டு களவாய்ச் சேர்க்கிறாங்கள். உங்கடை தோலாலை உங்களுக்குள்ளையும் போகும், ஒட்டிப் படுக்கிற பிள்ளைக்கும் போகும். பிள்ளை சின்ன உடம்பு, தாங்காது," என்றார் டொக்டர். தலையணை, பாய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொன்னார். மருந்து கொடுத்தால் பிள்ளை தேறும், ஆனால் நாள் எடுக்கும் என்றார்.

யசோதரா வெளியே வந்து, சுவரோரம் கிடந்த வாங்கில் உட்கார்ந்தாள். நிலக்ஷன் தன்னை நாலு வார்த்தை ஏசினால் நல்லது என்று நினைத்தாள். அவன் பக்கத்தில் வந்து இருந்தான்.

"நானும்தானே வடிவெண்டு சொன்னனான்," என்றான்.

அப்போதுதான் அவளுக்கு ஜெயந்தாவின் நினைவு வந்தது. ஜெயந்தா ஐந்து மாதக் கர்ப்பிணி. பிள்ளைக்குப் பக்கத்தில் நிலக்ஷனை இருத்திவிட்டு அவள் வேலணைக்குப் பஸ் ஏறினாள்.

கடையில் யாரும் இருக்கவில்லை. யசோதரா நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஜெயந்தாவின் முகம் கோபத்தில் சிவந்தது.

"எத்தினை பேர் பூசுகினம், ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை. உன்ரை பிள்ளைக்கு வருத்தமெண்டால் என்ரை கடையை இழுத்து மூடவோ?"

"கடையைப் பற்றி நான் கதைக்க வரேல்லை ஜெயந்தா. உன்ரை வயித்துப் பிள்ளைக்காக வந்தனான். ஒருக்கால் சோதிச்சுப் பார். ஒண்டும் இல்லாட்டி என்னை ஏசு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

ஜெயந்தா கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். அவள் கை தன்னையறியாமல் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பையில் கடையில் மிஞ்சியிருந்த போத்தல்கள் அத்தனையும் இருந்தன. கவிநயாவின் கட்டிலருகே வந்தவள், உரிந்து கிடந்த அந்தச் சின்னப் பாதங்களைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சோதித்துப் பார்த்ததில் அவள் உடம்பிலும் பாதரசம் இருந்தது. வயிற்றுப் பிள்ளையைப் பற்றி இப்போது ஒன்றும் உறுதியாய்ச் சொல்ல ஏலாது, கவனித்துக்கொண்டே வருவோம் என்று டொக்டர் சொன்னார்.

"அப்ப முகத்துக்கு ஒண்டுமே பூசக்கூடாதோ?" என்று ஜெயந்தா கேட்டாள்.

"பூசலாம். வெயில் தாங்கிற கிறீம், நல்ல கொம்பனியாய்ப் பார்த்து. காரமில்லாத சோப். தோல் காய்ஞ்சால் கொஞ்சம் ஈரப்பதம் குடுக்கிற கிறீம். வெளியிலை போகேக்கை குடை. மங்கு கூடினால் எங்களிட்டை வாங்கோ. இதெல்லாம் மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும். அதாலைதான் அதைப் பற்றி ஒருத்தரும் வீடியோ போடமாட்டினம்."

வேலணைக்குத் திரும்பிய ஜெயந்தா கிறீம் வாங்கிய பெண்களுக்கெல்லாம் தானே தொலைபேசி எடுத்தாள். சிலர் திட்டினார்கள். சிலர் நம்பவில்லை, வேறு இடத்தில் வாங்கிப் பூசினார்கள்.

யசோதராவின் கன்னங்களில் மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் பிள்ளையின் நலம் விசாரித்த கையோடு அதையும் விசாரித்தார்கள். "ஓம், கறுத்துத்தான் போச்சு," என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளையின் மருந்தைக் கரைக்கப் போனாள்.

பங்குனியில் ஜெயந்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நிறை குறைவுதான், ஆனால் குரலெடுத்து அழுதது. செய்தி வந்தபோது கவிநயா குசினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். கால்கள் நடுங்கின. யசோதரா ஓடிப்போய்த் தூக்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, பிள்ளைக்கு எதிரே நிலத்தில் உட்கார்ந்து, வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.