மரக்கூழில் நெய்

தைலமரக் கூழில் பியூட்டிரிக் அமிலம் இருந்தது. கவிநிலா மறுபடியும் பார்த்தாள். இருந்தது. அது வெண்ணெயில் இருக்கும், நெய்யில் இருக்கும். மரத்தில் இருக்காது.

திருவண்ணாமலையில் வேங்கிக்காலைத் தாண்டியுள்ள கல்லூரியில் அவள் பிஎச்.டி. மாணவி. காகித ஆலைக் கூழில் என்னென்ன கொழுப்பு அமிலங்கள் என்று பார்ப்பது வேலை. கூழைக் காகிதக் குழலில் அடைத்து, கொதிக்கும் அசிட்டோனை அதன் வழியே விட்டால் கொழுப்பு கரைந்து குடுவையில் இறங்கும். அதைக் காரத்தில் காய்ச்சி, அமிலங்களைப் பிரித்து இயந்திரத்தில் ஏற்றினால் ஒவ்வொன்றும் தாளில் ஒரு முகடாக வரும்.

"மரத்துல பியூட்டிரிக்கா? இன்னாம்மா சொல்றே! உலகத்துல எவனும் பாக்கலையே!" என்றார் நெறியாளர் சக்கரவர்த்தி. அன்றே சென்னைக் கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினார்.

நெய் எங்கிருந்து வந்தது என்று கவிநிலாவுக்குச் சந்தேகம் இருந்தது. சோதனை தொடங்கும்முன் சார் சட்டைப்பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுப்பார். மலைமேல் தீபம் எரிந்த கொப்பரையின் மை, நெய்யும் கரியும். விரலால் தொட்டுக் கருவிக்கு ஒரு பொட்டு, தன் நெற்றிக்கு ஒன்று. பிறகு அதே விரலால் குழலுக்குள் கூழை அழுத்தி, "போய் நல்லபடியா வா" என்பார்.

உடன் ஆய்வு செய்த மணிவேலிடம் சொன்னாள்.

"சார்கிட்ட சொல்லு."

"நீ சொல்லேன்."

"எனக்குத் தீசிஸ்ல கையெழுத்து போட்டாச்சு. நான் எதுக்கு?"

"எனக்குப் போடலையே."

"அப்போ மரத்துல நெய்தான். எழுது. வைவாவுக்கு வர்றவரு, மரத்துல பால் கறந்தீங்களாம்மான்னு கேப்பாரு. ஆமான்னு சொல்லு."

மறுநாள் கவிநிலா இரண்டு வெறும் குழல்களை எடுத்தாள். ஒன்றைத் தானே கையுறையுடன் ஏற்றினாள். மற்றதற்குச் சாரைக் கூப்பிட்டாள்.

"கூழ் எங்கம்மா?"

"வெறும் குழல்தான் சார், ஒப்பிட்டுப் பாக்க. எப்பவும்போல தொட்டுக் குடுங்க."

கண்ணை மூடி, குறையில்லாமல் தொட்டுக் கொடுத்தார்.

முடிவுகள் வந்ததும் இரண்டு தாள்களையும் அவர் மேசையில் வைத்தாள். "இது நீங்க தொடாதது சார். இது நீங்க தொட்டது."

முதல் தாளில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் பியூட்டிரிக் நிமிர்ந்து நின்றது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாளைப் பார்த்தார். விரலைப் பார்த்தார்.

"கூழ் மீதி இருக்கா?"

"ஒரு தடவைக்கு வரும் சார்."

"ஏத்து. நான் வெளிய நிக்கறேன்."

அவள் குழலை அடைத்து முடிக்கும்வரை வராந்தாவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். யாரோ வணக்கம் வைத்தார்கள். தலையை மட்டும் ஆட்டினார்.

இந்த முறை பால்மிட்டிக் வந்தது, ஒலீயிக் வந்தது, லினோலீயிக் வந்தது. எல்லாத் தைலமரத்திலும் இருப்பவை. பியூட்டிரிக் வரவில்லை.

சார் போனை எடுத்தார். "சக்கரவர்த்தி பேசறேங்க, திருவண்ணாமலை. அந்தச் சுருக்கத்தை எடுத்துடுங்க. இல்லீங்க, மரத்துல இல்ல. என் கையில இருந்துச்சு. ஆமாங்க, கையிலதான். இல்லீங்க, நான் கை கழுவிட்டுத்தான் சாப்பிடுவேன்."

போனை வைத்தார்.

"அத்தியாயத்தைக் கொண்டாம்மா."

கொண்டுவந்தாள். கையெழுத்துப் போட்டார்.

"அந்த நெய் எப்படி வந்துச்சுன்னும் எழுதிடு."

"பேரு போடணுமா சார்?"

"நெறியாளர்னு போடு. போதும்."